கருட சேவைக்கு ரூபியக்கா விரித்த பாய்

நம் சபைப் பெண்கள் அனைவருக்கும்,

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். பகலில் எழுதலாமென்றால் கை ஓடவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு நெசவாளர் தறியை விட்டு எழுந்து வந்து, "தையல் டீச்சரம்மா தவறிட்டாங்களாம்மா. மார்வலியாம்" என்றார். நான் அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். "யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க. மத்தியானம் இங்க உக்காந்து காப்பி குடிச்சிட்டுப் போனாங்க" என்றேன். ரூபியக்கா குடித்த டம்ளர் முற்றத்தில் கழுவாமல் கிடந்தது. அடக்கம் முடிந்து வந்த பிறகும் எனக்கு நம்ப முடியவில்லை. அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

வைகாசியில் கருட சேவையன்று, விடிவதற்குள் நம் சர்ச் வாசலில் அக்கா பாய் விரித்து உட்காருவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். கூட்டத்தில் தாயைத் தவறவிட்ட குழந்தைகளைப் போலீஸ்காரர்களே அவரிடம் கொண்டுவந்து விடுவார்கள். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷம் என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். போனேன், ஆனால் சங்கிலியில் இருந்த சிலுவையை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டேன். எங்கள் தெருவில் நாங்கள் மட்டுந்தான் கிறிஸ்தவர்கள், யார் என்ன சொல்வார்களோ என்று பயம். அக்கா கவனித்துவிட்டார். "வெளிய எடுத்துப் போடும்மா. புள்ளையைத் தேடறவ அழுதுக்கினு வருவா. வேதக்காரம்மா யாருன்னு அவளுக்குத் தூரத்துலயே தெரிய வேணாமா?"

அன்றைக்குத் தென்னேரியிலிருந்து வந்த ஓர் அம்மாள், தன் மகன் எங்கள் பாயில் முறுக்குத் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ, "எம் புள்ளைக்கு என்னா தெளிச்ச? வேதத்துல சேத்துட்டியா?" என்று கத்தினாள். நான் பாயை விட்டு எழுந்துவிட்டேன். அக்கா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. "தண்ணி தெளிக்கலம்மா, குடிக்கத்தான் குடுத்தேன். ரெண்டு சொம்பு குடிச்சிருக்கான். சீக்கிரம் அந்தாண்ட இட்டுக்கினு போ, இல்லன்னா என் பாய் நனைஞ்சிடும்." சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள், அந்த அம்மாளுந்தான். அடுத்த வருஷம் அவளே தேடி வந்து கைக்குழந்தையை அக்கா மடியில் போட்டாள். "பாத்துக்கோ டீச்சர், சாமி பாத்துட்டு வந்துடறேன்" என்று கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

கருடன் மேல் பெருமாள் நம் சர்ச் வழியாக வரும்போது, அழுகிற குழந்தைகளை அக்கா தோளில் தூக்கிக் காட்டுவார். நம்மிலேயே சிலருக்கு அது பிடிக்கவில்லை. பேச்சு போதகர் காதுக்கு எட்டி, அவர் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார். நானும் உடனிருந்தேன்.

"நான் கும்பிடலீங்கய்யா. குங்குமம் நீட்டுனாக்கூட, எங்க சாமி வேற, கோவிச்சுக்காதீங்கன்னு சொல்லிடறேன். ஆனா இந்தப் பெருமாளைக் காட்டத்தான் அம்மாக்காரி புள்ளையைத் தூக்கிக்கினு வந்தா. அவ இல்லாத நேரத்துக்கு அவ எடத்துல நான் நிக்கறேன். அவ காட்டியிருப்பா. நான் காட்டறேன்."

"வேத வசனம் அச்சிட்ட கைப்பிரதியாவது கொடுக்கலாமே, டீச்சர்?" என்றார் போதகர்.

"அழுவற புள்ளைக்கு முறுக்குதாங்கய்யா குடுக்கணும்" என்றார் அக்கா. மறுவருஷம் போதகரே ஒரு டின் முறுக்கு அனுப்பிவைத்தார்.

கல்லூரியில் படித்த காலத்தில் விசுவாசத்துக்குச் சாட்சி என்றால் மேடையேறிச் சொல்வது என்று நினைத்திருந்தேன். அக்கா எந்த மேடையிலும் ஏறியதில்லை. அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. 'அவ எடத்துல நான் நிக்கறேன்' என்ற அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் கருட சேவை. கூரம், தென்னேரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு அக்கா போனது தெரியாது. பிள்ளையைத் தொலைத்தவள் நம் வாசலுக்குத்தான் ஓடிவருவாள். நான் உட்காரப்போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. கைக்குழந்தையோடு என் ஒருத்தியால் முடியாது. ஒருவர் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டால், இன்னொருவர் போலீஸ் கொட்டகைக்கு ஓட வேண்டியிருக்கும். உங்களில் யார் வருகிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமைக்குள் தயவுசெய்து பதில் சொல்லியனுப்புங்கள்.