மூடித் துளையில் சோப்பு

என் கோபத்துக்கு ஊரில் பேர் உண்டு. குத்தாலத்தில் பம்புசெட் இன்ஜின் பழுது பார்த்த காலத்தில், ஸ்பேனரைவிட என் வாய்தான் அதிகம் வேலை செய்யும் என்பார்கள். அந்த வாய் ஒருவருடைய பிழைப்பைக் கெடுத்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, வெட்கம். இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தரங்கம்பாடியில் ஒரு படகுக்காரர். அவருடைய ஃபைபர் படகின் பின்னால் மாட்டும் மோட்டார் பழசு, மண்ணெண்ணெயில் ஓடுவது. புகை கக்கும், முக்கும், இழுக்காது. வயல் இன்ஜின் பார்க்கிறவனுக்குக் கடல் மோட்டார் என்ன பெரிய கம்பசூத்திரமா என்று நானும் ஒப்புக்கொண்டேன். கார்புரேட்டரையும் எண்ணெய் டேங்கையும் கழற்றி என் கடைக்குக் கொண்டுவந்து, கசடையெல்லாம் கழுவினேன்.

தரங்கம்பாடிக்குத் திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் பிடித்துக்கொண்டார். "ஒரு சொட்டு சிந்துச்சு, எறக்கி விட்டுடுவேன்." டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு. கழுவிய எண்ணெயின் மிச்சம் அதன் வழியாகத்தான் கசிந்தது. எங்கள் தொழிலில் கசிவு என்றால் கை தானாகச் சோப்புக்குப் போகும். பையில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். எச்சில் தொட்டு அப்பினேன். கசிவு நின்றது. அத்தோடு மறந்தேபோனேன்.

படகில் எண்ணெய் ஊற்றுவது, வலை தூக்குவது என்று எடுபிடி வேலைக்கு ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். குத்தகை நிலத் தகராறில் சாகுபடியைப் பறிகொடுத்துவிட்டுக் கடலுக்கு வந்தவர். "கடல் தெரியாத ஆளை வெச்சிருக்கான் பாரு" என்று மற்ற படகுக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அந்த வேலையும் போனால் அவருக்கு வேறு கதி இல்லை. எனக்கு அது தெரியும்.

மூவரும் சோதித்துப் பார்க்கப் போனோம். மோட்டார் ஜோராகக் கிளம்பி, பத்து நிமிடத்தில் இருமி நின்றது. டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன், எண்ணெய் இருந்தது. மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தேன், ஓடியது. மறுபடி பத்து நிமிடம், மறுபடி நின்றது. ப்ளக்கைக் கழற்றித் துடைத்தேன். மூடியைத் திறந்தேன், மூடினேன். ஓடியது, நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது, குமட்டல் வேறு.

"என்னங்க, இதுக்கா ரெண்டு நாளு எடுத்தீங்க?" என்றார் படகுக்காரர்.

எனக்குச் சுருக்கென்றது. எண்ணெய் ஊற்றியவர் பக்கம் திரும்பினேன். "யோவ், தண்ணி கலந்த எண்ணெய ஊத்திட்டு மரம் மாதிரி நிக்கிறியே! கேனைத் தொறந்து போட்டா இப்படித்தான். சேறு மிதிச்சவனுக்கு இன்ஜினைப் பத்தி என்னய்யா தெரியும்?"

நானும் சேறு மிதித்து வளர்ந்தவன்தான்.

"மூடித்தாங்க வெச்சேன்" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "மூடித்தான் வெச்சேன்னு நெனைக்கிறேன்" என்றார்.

நின்று நின்று கரை சேர்ந்தோம். "நாளையிலேருந்து வராதப்பா" என்றார் படகுக்காரர். எண்ணெய் ஊற்றியவர் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு மணலில் நடந்தார்.

எண்ணெயை மாற்றலாம் என்று மூடியைக் கழற்றினேன். துளையில் வெள்ளையாகச் சோப்பு. ஐயோ! காற்றுப் போகாததால் எண்ணெய் வரவில்லை. நான் மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்றுப் புகுந்து ஓடியிருக்கிறது. எந்த மெக்கானிக்கும் முதலில் பார்க்கிற இடம் அது. அவர் இன்னும் கூப்பிடு தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. நகத்தால் சோப்பைச் சுரண்டி வேட்டியில் துடைத்துக்கொண்டேன். வேறு எண்ணெய் ஊற்றினோம். மோட்டார் நிற்காமல் ஓடியது.

"நீங்க சொன்னது சரிதாங்க. எண்ணெய்தான்" என்றார் படகுக்காரர். தலையாட்டினேன்.

சில வருடங்கள் கழித்து, ஆற்றில் தண்ணீர் வராத ஒரு குறுவைச் சாகுபடியின்போது, பக்கத்து ஊர் வயலில் டீசல் இன்ஜின் பார்க்கப் போனேன். அங்கே கூலிக்கு இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தார், அன்று படகில் எண்ணெய் ஊற்றியவர். என்னைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாங்க" என்றார். டீசலைத் துணியில் வடிகட்டினார். வடிகட்டியதையே மறுபடியும் வடிகட்டினார்.

"எதுக்குங்க ரெண்டு தடவை?" என்று கேட்டேன்.

"அன்னிக்குக் கடல்ல என் தப்பால உங்களுக்குத் தலைகுனிவாப் போச்சுங்களே. அதுலேருந்து ரெண்டு தடவை வடிகட்டாம ஊத்துறதே இல்லீங்க."

"நல்ல பழக்கம்" என்றேன்.