வஹகோட்டையில் போர்த்துக்கீசரைத் தேடி

இலங்கையில் எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்கு அடுத்த வருஷம். போர்த்துக்கீசர் வழிவந்தவர்கள் வாழும் பழைய ஊர் என்று கேள்விப்பட்டு, மாத்தளையிலிருந்து வஹகோட்டைக்குப் போனேன். வெள்ளைக்கார முகம் ஒன்றும் தென்படவில்லை. தேவாலய வாசலில் நின்ற மாநிற அம்மா ஒருவரிடம் சிங்களத்தில் விசாரித்தேன்.

“நாங்கதான் மகன் அவங்க” என்று சிரித்தார்.

நான் குழம்பி நிற்கையில் இராணுவ ஜீப் வந்து நின்றது. அடையாள அட்டை கேட்டார்கள். வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். பெயரைச் சொன்னால் தமிழன் என்று தெரிந்துவிடும். சட்டைப்பையில் அட்டையைத் தேடுவதுபோல் பாவனை செய்தேன்.

“என் தங்கச்சி மகன். பூசைக்கு வந்திருக்கான்” என்றார் அந்த அம்மா. ஜீப் போய்விட்டது.

“ஏன் பொய் சொன்னீங்க?” என்றேன்.

“உள்ள வாங்க மகன். பூசைக்கு வந்ததாவது உண்மையாகட்டும்.”

எதற்காக என்னைக் காப்பாற்றினார் என்று இன்றும் விளங்கவில்லை. அந்நியரைப் பார்க்கப் போன ஊரில், இந்த நாட்டவன் என்பதற்குச் சாட்சி தேவைப்பட்டது எனக்குத்தான்.