இஞ்சினுக்கு வைத்த பொட்டு

டீசல் வாசனை சோப்புக்கு அடங்காது. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு உட்கார்ந்தாலும் சோற்றோடு அதுவும் வாய்க்குள் போகும். கல்யாணமான முதல் வருஷம் முழுக்க நான் அப்படித்தான் சாப்பிட்டேன்...

நேற்று பெட்ரோல் பங்கில் வண்டியோடு நின்றபோது பக்கத்து டிராக்டருக்கு டீசல் பிடித்தார்கள். அவ்வளவுதான், அந்த ஆடி மாதம் வந்து எதிரே நின்றது.

எனக்குப் பிறந்த வீடு முள்ளிப்பட்டு, ஊரே தறி நெய்யும். என் வீட்டுக்காரரும் எங்கள் தெருவில் கூலிக்கு நெய்தவர்தான். ஆனால் தறிக்குழியில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காரமாட்டார். தண்ணீர் குடிக்க எழுவார், வெயில் பார்க்க எழுவார், சும்மாவே எழுவார். கல்யாணமான கையோடு தேவிகாபுரம் பக்கம் ஒரு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்தார். கிணற்று மேட்டில் ஒரு கிழ டீசல் இஞ்சினும் நிலத்தோடு வந்தது.

முதல் போகம் பாதி பதர். அடுத்த போகமான சொர்ணவாரி நெல்லும் போனால் நிலத்தை விட்டுவிடச் சொல்லி நிலத்துக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். விட்டால் மறுபடி தறிக்குழிதான். அதை நினைத்தாலே இவருக்கு முகம் கறுத்துவிடும்.

கதிர் பால் பிடிக்கும் நேரம் பார்த்து இஞ்சின் நின்றது. இஞ்சினுக்குள் டீசல் தள்ளும் பம்ப் போச்சு. மெக்கானிக்கைத் தேடிப் போனால் ஆடி வெள்ளிக்குக் குடும்பத்தோடு படவேடு கோயிலுக்குப் போயிருக்கிறார், வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். மூன்று நாள்... வயலில் தரை வெடிக்க ஆரம்பித்திருந்தது.

"நானே மாட்டிடுறேன். அவரு செய்யறத எத்தினி வாட்டி பாத்துகினு இருந்துருக்கேன்" என்றார்.

ஆரணிக்கு பஸ் ஏறிப் போய் பம்புக்குள் போடும் சாமானை வாங்கி வந்தார். காலையில் கழற்றி மதியத்துக்குள் மாட்டியும் விட்டார். மிச்சம் டைமிங்தான்.

பெரிய சக்கரத்தில் ஓர் அடையாளம் இருக்கும். அது இஞ்சினில் பதித்த முள்ளுக்கு நேரே வரும்போது பம்பிலிருந்து டீசல் கிளம்ப வேண்டும். பிந்தினால் வெறும் புகை. முந்தினால் இஞ்சின் திருப்பி உதைக்கும். இவர் சக்கரத்தை இம்மி இம்மியாக நகர்த்தி, டீசல் ததும்புவதைக் குனிந்து பார்த்து, போல்ட்டை முடுக்கி, தளர்த்தி, மறுபடி முடுக்கி... நான் கிணற்று மேட்டுக்கும் வயலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை.

"வந்து லீவரப் புடி. உடுன்னு சொன்னா உட்டுடணும். ஜல்தி."

நான் லீவரைத் தூக்கிப் பிடித்தேன்; அதைத் தூக்கினால்தான் சக்கரம் லேசாகச் சுற்றும். இவர் ஹேண்டிலைச் சுற்றினார். வேகம் ஏறியதும் "உடு" என்றார். விட்டேன்.

டொம் என்று ஒரே சத்தம். ஹேண்டில் எதிர்ப்பக்கமாகத் திரும்பி இவர் மணிக்கட்டில் அடித்தது. அப்படியே கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் காதிலேயே வாங்கவில்லை.

"மார்க்கு சரியாத்தானே வெச்சேன். இதோ, மெக்கானிக்கு வெச்ச செவப்பு பெயிண்ட்டு" என்று சக்கரத்தைக் காட்டினார்.

அப்போதுதான் அந்தச் சிவப்பைப் பார்த்தேன்.

அது பெயிண்ட் இல்லை. போன ஆயுத பூஜைக்கு, புதுப்பெண் என்ற ஆசையில், இஞ்சினைத் துடைத்து நான் வைத்த குங்குமம். எண்ணெயில் ஊறி, சூட்டில் இறுகி, பெயிண்ட் மாதிரியே ஆகியிருந்தது. சொல்வதா வேண்டாமா... கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அடிபட்ட கையோடு உட்கார்ந்திருக்கிறார். சொன்னால் பேஜார். சொல்லாவிட்டால் நெல் போகும்.

"இன்னாங்க... அது நான் வெச்ச பொட்டு."

சொன்ன கையோடு முந்தானையை டீசலில் நனைத்து நானே துடைத்தேன். சிவப்பு போனது, அடியில் ஒன்றுமில்லை. இன்னும் துடைத்தேன். இரண்டு விரல் தள்ளி, அழுக்குக்குள் மெக்கானிக் உளியால் போட்ட கோடு தெரிந்தது.

இவர் அதையே பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னாமே, நெத்தி எதுன்னு பாத்து வெக்கக் கூடாதா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

அந்தக் கோட்டுக்கு டைமிங்கை மாற்ற இவர் சொல்லச் சொல்ல ஸ்பேனர் பிடித்தது நான். இவருக்கு வலது கை எழவில்லை. இடது கையால் லீவரைப் பிடித்துக்கொண்டார். ஹேண்டிலை நான் சுற்றினேன். திருப்பி உதைத்தால் என் கை போகும் என்று தெரியும். பயமாகத்தான் இருந்தது. "உட்டுட்டேன்" என்றார்.

பிடித்துக்கொண்டது. டுக்... டுக்... டுக். வாய்க்காலில் தண்ணீர் ஓட ஓட இரண்டு பேரும் கூடவே ஓடினோம். அந்தப் போகம் வீடு வந்து சேர்ந்தது. தறிக்குழி பக்கம் இவர் திரும்பவே இல்லை.

இப்போது மோட்டார் போனிலேயே ஓடுகிறது. வீட்டில் படுத்தபடி ஒரு பட்டனை அமுக்குகிறார், முடிந்தது. தண்ணீர் நிஜமாகவே விழுகிறதா என்று எனக்குத்தான் இருப்புக்கொள்ளாது, கிணறு வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வருவேன்.

போன ஆயுத பூஜைக்கு ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பொட்டு வைக்கக் கிளம்பினேன். கட்டிலிலிருந்து குரல் வந்தது. "எங்க வெக்கிறன்னு சொல்லிட்டு வை." மழைக்காலத்தில் இன்னமும் அந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பெட்டிக்கு வைத்துவிட்டு, தார்ப்பாயை விலக்கி அந்தப் பழைய இஞ்சினுக்கும் வைத்தேன். சக்கரம் துருவேறி, கையால் தள்ளினால் அசையவில்லை. உளிக் கோடு மட்டும் அப்படியே இருந்தது.

பொட்டை அந்தக் கோட்டின் மேலேயே வைத்தேன். இனி யாரும் அதைப் பார்த்து டைமிங் வைக்கப் போவதில்லை. தெரியும்... இருந்தாலும் சரியான இடத்தில் இருக்கட்டும்.