நிமிர்ந்துவிட்ட சொற்கள்

இந்தோனேசியாவின் பூர்வோகெர்த்தோ நகரில் பல்கலைக்கழகப் பின்வாசலுக்கு எதிரே இருந்த நகல் கடையில், தார்சியெம் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவாள். கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கும். நகல் இயந்திரத்துக்குக் காகிதம் போட வந்தவள் அவள். கணினியில் ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, என்ன மாறுகிறது என்று நோட்டில் குறித்து வைத்தே ஆய்வேடு வடிவமைக்கும் தொழிலைக் கற்றாள். மற்ற கடைகளில் பொருளடக்கத்தின் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தட்டி நிரப்புவார்கள். இவள் அத்தியாயத் தலைப்புக்கு ஒரு ஸ்டைல், அதாவது சேமித்து வைத்த ஒரு வடிவம், உள்தலைப்புக்கு ஒன்று, பத்திக்கு ஒன்று என்று வைத்திருந்தாள். அதனால் பொருளடக்கம் தானே வந்து விழும்.

2009 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வெனிங் என்ற மாணவி ஆய்வேட்டோடு வந்தாள். தென்னை ஏறிப் பாளை சீவி வெல்லம் காய்ச்சுகிறவர்களின் சொற்களைப் பற்றியது அது. பதினொரு மணிக்குள் அலுவலகத்தில் ஒப்படைக்காவிட்டால், இந்த முறைப் பட்டமளிப்பில் பெயர் இருக்காது.

அவளுடைய பென் டிரைவில் வைரஸ். கடை வழக்கப்படி தார்சியெம் ஆய்வேட்டுக் கோப்பை மட்டும் தன் கணினிக்கு எடுத்துக்கொண்டு, டிரைவில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டாள். திறந்து பார்த்தால், தலைப்புகளெல்லாம் ஸ்பேஸ் தட்டித் தட்டி நடுவுக்குத் தள்ளப்பட்டிருந்தன.

"வீடு கட்டச் சொன்னா குச்சிய முட்டுக் குடுத்து நிறுத்தியிருக்கியே" என்றாள்.

முழுவதையும் தேர்ந்தெடுத்து, பழைய வடிவத்தையெல்லாம் ஒரே தட்டில் உரித்துவிட்டு, ஸ்டைல்களைப் போட ஆரம்பித்தாள். ஒன்பதரைக்கு அதே கோப்பிலேயே சேமித்து மூடி, அச்செடுக்கும் கணினியில் திறந்தாள். இருபத்து மூன்றாம் பக்கம் வெளியே வந்தபோது ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

இந்தோனேசிய மொழியில் எழுதும் ஆய்வேட்டில் ஜாவானியச் சொற்கள் சாய்வெழுத்தில் இருக்க வேண்டும். வடிவத்தை உரித்தபோது சாய்வும் சேர்ந்து போயிருந்தது. வழக்கமாக ஓர் ஆய்வேட்டில் அப்படிப் பத்துச் சொல் இருக்கும், பிறகு கையால் சாய்த்துக்கொள்வாள். இதில் ஒரு பக்கத்திலேயே முப்பது.

வெனிங் பெஞ்சில் உட்கார்ந்து, பச்சை மிளகாயைக் கடித்தபடி மெண்டோவான் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். உன் கோப்பே இப்படித்தான் வந்தது என்று தார்சியெம் சொல்லியிருக்கலாம். இல்லையென்று காட்ட வெனிங்கிடம் பழைய கோப்பும் இல்லை. தார்சியெம் எழுந்து தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"வெனிங், சாஞ்ச எழுத்தையெல்லாம் நான் அழிச்சிட்டேன். தப்பு என்னோடது."

வெனிங் மெல்லுவதை நிறுத்தினாள். "அக்கா, எங்கம்மா பட்டமளிப்புக்குக் கெபாயா தைக்கக் குடுத்துட்டாங்க."

"திட்டுறதுன்னா பதினொன்னுக்கு அப்புறம் திட்டு. இப்ப ஒவ்வொரு சொல்லா சொல்லு."

ஜாவானியச் சொற்களுக்கென்று சாய்வாக ஒரு புது ஸ்டைல் செய்தாள். வெனிங் ஆய்வேட்டின் பின்னிணைப்பிலிருந்த சொற்பட்டியலைப் பார்த்து வாசிக்க, இவள் ஒவ்வொரு சொல்லையும் தேடி, வந்த இடத்திலெல்லாம் அந்த ஸ்டைலைப் போட்டாள். பொங்கோர், மூங்கில் குழாய். லாரு, சாறு புளிக்காமலிருக்கப் போடுவது. மரத்தைக் குறிக்கும் 'வித்' (wit) வந்தபோது வேறு சொற்களின் நடுவிலிருந்த அதே மூன்று எழுத்துகளும் சேர்ந்து சாய்ந்தன. முழுச் சொல்லை மட்டும் தேடு என்ற கட்டத்தில் டிக் போட மறந்திருந்தாள். தன்னையே வைதுகொண்டு திருப்பி, மறுபடி தேடினாள். இப்படி இருநூற்றுப் பதினொரு சொற்கள்.

மறுபடி அச்செடுத்துக்கொண்டு பத்தே முக்காலுக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்கள். பின்னால் வெனிங் தாள் கட்டை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

அலுவலகத்தில் ஆய்வேடுகளைச் சரிபார்க்கும் ஊழியர் பக் சுகெங் முதல் தாளில் அளவுகோலை வைத்தார். இடது ஓரம் நான்கு சென்டிமீட்டர் சரியாக இருந்தது. பொருளடக்கத்தைப் பக்கங்களோடு ஒப்பிட்டார். பிறகு மெதுவாகப் புரட்டினார். தார்சியெம் கதவுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தாள். அறுபத்தோராம் பக்கத்தில் அவர் பென்சிலை எடுத்தார்.

"ஒரு சொல் நிமிந்து நிக்குதேம்மா."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பத்து ஐம்பத்தைந்து. பட்டமளிப்புப் பட்டியலை இழுத்து வெனிங்கின் பெயரை எழுதினார். பிறகு அந்த ஒரு தாளை மட்டும் உருவி நீட்டினார்.

"மத்தியானத் தொழுகை முடிஞ்சு நான் வர்றதுக்குள்ள இத மாத்திக் குடு. இல்லன்னா பேரை அடிச்சிருவேன்."

அவரிடம் நன்றி சொல்ல வெனிங் வாயெடுத்தாள். தாள் அதற்குள் அவர் கையில் இல்லை. வெளியே தார்சியெம் வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது.