வாய்க்காலுக்கு மூடி, வாய்க்கு மைக்கு

தொண்டைய வாடகைக்கு வுடறதுதாங்க என் தொழிலு. ஆட்டோ மேல ரெண்டு குழாயக் கட்டிக்கினு, நீங்க காலைல மொத வாய் காபி குடிக்கற நேரம் பாத்து "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே"ன்னு காதுல வந்து வுழறது நான்தான். எந்தக் கட்சின்னு கேக்காதீங்க. எந்தக் கிழமைன்னு கேளுங்க, பாத்து சொல்றேன். பள்ளிக்கூடத்துல வாத்தியார் மாதிரியே பேசிக் காட்டி, அவர் கிட்டயே மாட்டி, எட்டாவதோட வெளிய வந்தவன். வந்து பாத்தா அந்தக் குரலுக்குத்தான் ஊர்ல கிராக்கி. தலைவருங்க அத்தன பேரும் எனக்குள்ள குடியிருக்காங்க. என் பொண்டாட்டி "ஒரு நாளாவது உன் குரல்ல பேசித் தொலையேன்"ன்னா, அது எதுன்னு நானே தேடணும். மத்தபடி உங்களுக்கும் எனக்கும் ஒரே ரோடு, ஒரே குழி, ஒரே கொசு. அதனால என்னத் திட்டாம படிங்க.

பலக

ஒரு காலத்துல பிரெஞ்சுக்காரங்க ஆண்ட ஊரு எங்களுது. அதுல முத்தியால்பேட்டைல எங்க தெருவுல பிலோமி அக்கா இட்லிக்கட வச்சிருக்காங்க. கட வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல வாய்க்கா. அது மேல இருந்த சிமெண்டு மூடிய, தூர் வாரறோம்னு தூக்குனவங்க கீழ போட்டு ஒடச்சிட்டாங்க. ஒடஞ்ச துண்டுங்கள வாய்க்காலுக்குள்ளயே வுட்டுட்டுப் போயிட்டாங்க. அக்கா ஒரு பலகையப் போட்டாங்க. அது மேல ஆளு ஏறுனா ஊஞ்சல் ஆடும். கூட்டம் பாதியாயிடுச்சு. ரெண்டு இட்லி திங்கறதுக்கு யாருங்க சர்க்கஸ் பண்ணுவாங்க?

இப்பக் கேளுங்க கொடுமைய. சட்டசபைத் தேர்தலப்போ அதே வாசல்ல ஆட்டோவ நிறுத்தி, "உங்கள் தெரு வாய்க்காலுக்கு உடனடியாக மூடி அமைத்துத் தர" ஓட்டுப் போடச் சொல்லி மூணு கட்சிக்கும் நானே கத்துனேன். ஒண்ணுக்கு கம்பீரமா, ஒண்ணுக்கு கரகரன்னு, ஒண்ணுக்கு அழுவற மாதிரி. மூணாவதும் முடிச்சிட்டு, பலக மேல பாத்துப் பாத்து நடந்து போயி, பசிக்குதுக்கான்னேன். அக்கா சட்னிய ஊத்திக்கினே சொன்னாங்க: "குரலு வேற வேறயா இருக்குதேன்னு ஏமாறத்தான் பாத்தேன்டா மைக்கு. பொய்யி ஒண்ணாதான் இருந்துச்சு."

இளஞ்சிங்கம்

நம்ம ஊரு கவுன்சிலர் தேர்தல் உங்களுக்குத் தெரியாததா? வருது வருதும்பாங்க. வார்டு பிரிப்பாங்க. யாராவது கோர்ட்டுக்குப் போவாங்க. நின்னுடும். எங்க ஏரியாவுல ஒருத்தரு மொத தடவ பேச்சு கெளம்புனப்பவே கார் கண்ணாடில "வருங்கால கவுன்சிலர்"னு ஒட்டிட்டாரு. அந்தக் காரு இரும்புக் கடைக்குப் போயி, அடுத்த காரும் வந்தாச்சு. அதுலயும் அவரு வருங்காலம்தான். கவுன்சிலர் ஆனா மொத கையெழுத்து பிலோமி கட மூடிக்குத்தான்னு தெருவுல பாக்கறவங்க கிட்டல்லாம் சொல்லிக்கினு இருப்பாரு.

ஒவ்வொரு தடவ பேச்சு கெளம்பறப்பவும் என்னக் கூப்புட்டு புதுசா ரெக்கார்டு பண்ணுவாரு. போன தடவ அவரு வூட்டு ஹால்ல உக்காந்து, "இளைஞர்களின் விடிவெள்ளி! முத்தியால்பேட்டையின் இளஞ்சிங்கம்!"னு அடிவயித்துலேர்ந்து முழங்கிக்கினு இருக்கேன். எதிர்ல வருங்காலம் தலைக்கு மை அடிச்சு, தோள்ல துண்டு போட்டுக்கினு, காயறதுக்கு ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்காரு. சமையல்கட்டுலேர்ந்து அவரு சம்சாரம் கரண்டியோட வந்து நின்னு, முழுசாக் கேட்டுட்டு சொன்னாங்க: "தம்பி, அந்த இளஞ்சிங்கத்த மட்டும் எடுத்துடு. சிங்கத்துக்கு சக்கர வந்து நாலு வருசம் ஆவுது."

ஒரே பொடவ

ஒரு தேர்தலப்போ பெரிய மார்க்கெட்டுக்கு ஒரு வேட்பாளரக் கூட்டிக்கினு போனேன். மீன் பக்கம் நொழஞ்சா, உக்காந்திருந்த அக்காங்க அத்தன பேரும் ஒரே பச்ச பொடவ, ஒரே மஞ்ச பார்டரு. எதிர்க்கட்சிக்காரரு முந்துன நாளு குடுத்துட்டுப் போனது. எங்காளு மொகம் செத்த மீனு மாதிரி ஆயிடுச்சு. "தம்பி, இங்க பேசாத, வேஸ்ட்டு, வண்டியத் திருப்பு"ன்னு என் காதக் கடிக்கறாரு.

வஞ்சிரம் வெட்டிக்கினு இருந்த அம்மா காதுல அது வுழுந்துடுச்சு. கத்திய நிறுத்தாமலே சொன்னாங்க: "பொடவதான் சாமி அவருது. பட்டன அமுக்கற வெரலு எங்களுது. நீ பயப்படாம கும்புட்டுட்டுப் போ."

பென் டிரைவு

காலைல ஒரு கட்சி, சாயந்தரம் அரியாங்குப்பத்துல எதிர்க்கட்சின்னு ஓடுன காலம் அது. பாலத்தத் தாண்டறப்ப கொடிய மாத்துவேன், முன்னாடி இருக்கற படத்த மாத்துவேன், பென் டிரைவ மாத்துவேன். ஒரு நாள் கொடி மாறுச்சு, படம் மாறுச்சு. பின்னாடி ஜீப்புல வேட்பாளர் கைகூப்பிக்கினு வராரு. முன்னாடி என் குழாய் அவரையே கிழிக்குது: "மச்சான் பேரில் மணல் லாரி ஓட்டுவது யார்? மக்களே, யார்?" ஜனங்க கைதட்டி சிரிக்கறாங்க. அவரு அது தனக்குன்னு நெனச்சு இன்னும் குனிஞ்சு கும்புடறாரு.

ஒயரப் புடுங்கறதுக்குள்ள ரெண்டு தெரு போயிடுச்சு. இன்னைக்கு ஒததான்னு நெனச்சுக்கினு நின்னேன். அவரு என்ன ஓரமா கூட்டிக்கினு போயி, தோள்ல கையப் போட்டு, கொரல எறக்கிக் கேட்டாரு: "திட்டுனது பரவால்ல தம்பி. லாரி மேட்டரு எங்க வூட்டுல நாலு பேருக்குத்தான் தெரியும். அதுல எவன் சொன்னான்?"

முசே

தேர்தல் முடிஞ்சும் பலக அப்புடியேதான் கெடந்துச்சு. பலக எவ்ளோ ஆடுனாலும் வுடாம அக்கா கடைக்கு வந்தவரு முசே. பிரெஞ்சுல 'ஐயா'ன்னு அர்த்தம், தெருவே அவர அப்புடித்தான் கூப்புடும். பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கற நம்ம ஊரு ஆளு. இஸ்திரி போட்ட சட்ட, தலைல தொப்பி. பிரான்சு நாட்டுக்கு யாரு ஜனாதிபதின்னு முடிவு பண்ண அவருக்கு ஓட்டு இருக்குது. எங்க தெரு வாய்க்காலுக்கு இல்ல. நகராட்சித் தலைவர 'மேர்'னுதான் சொல்லுவாரு. தெனம் என்னப் பாத்ததும் "உங்க மேர் எப்பப்பா வருவாரு?"ன்னு கேப்பாரு, பஸ்ஸு எப்ப வரும்னு கேக்கற மாதிரி.

ஒரு நாள் பலக அவரையும் வுட்டுடுச்சு. முழங்கால் வரைக்கும் சேத்துல நின்னுக்கினு, தொப்பிய மட்டும் ஒசரத் தூக்கிப் புடிச்சிருக்காரு, கொடியேத்தற மாதிரி. நானும் அக்காவும் புடிச்சுத் தூக்குனோம். கால் சுளுக்கிக்கிச்சு. ஆறுதலா எதாவது சொல்லணுமேன்னு, "வுடுங்க முசே, உங்களுக்கு இங்க ஓட்டு இருந்திருந்தா இப்புடி வுட்டிருப்பாங்களா?"ன்னேன். சேறு சொட்டச் சொட்ட என்ன ஒரு பார்வ பாத்து, பிரெஞ்சுல ஒரு நன்றியோட சொன்னாரு: "மெர்சி தம்பி. ஓட்டுதான் பிரான்சுல. காலு ரெண்டும் இங்கதான் இருக்குது."

ரெக்கார்டு

முசேயும் வரதில்லன்னு ஆனப்புறம் அக்கா சிரிக்கறத நிறுத்திட்டாங்க. காலைல சுட்ட இட்லி மத்தியானம் உப்புமாவாச்சு. அதுவும் மிஞ்சுச்சு. அடச்சுக் கெடக்கற வாய்க்கா, மழ புடிச்சா நேரா அடுப்புக்கு வந்துடும். "அதுக்குள்ள அவங்க மூடி போடலன்னா நான் கடைய மூடிட வேண்டியதுதான்டா"ன்னாங்க. அந்தக் கட மூடுனா அவங்களுக்கு வேற போக்கு இல்ல. எனக்கும் காலை டிபனுக்கு வேற நாதி இல்ல. அக்காவக் கூட்டிக்கினு நகராட்சி ஓவர்சியரப் பாக்கப் போனேன்.

அவரு பெரிய நோட்ட எடுத்து, வெரல எச்சி பண்ணித் தள்ளித் தள்ளிப் பாத்தாரு. "போட்டாச்சேம்மா. ரெண்டு தடவ போட்டிருக்குது"ன்னாரு. "எங்க சார்?"னு அக்கா கேட்டாங்க. "இதோ, இங்க"ன்னு பக்கத்தத் திருப்பிக் காட்டுனாரு. அதுல இருந்த மூடிய மிதிச்சு எப்புடி சார் கடைக்கு வரதுன்னு நான் கேட்டேன். நோட்ட மூடுனாரு, மூக்குக் கண்ணாடியக் கழட்டுனாரு: "இத பாரும்மா, ரெக்கார்டுல மூடி இருக்குது. தெருவுல இல்லன்னா அது தெருவோட தப்பு."

மைக் டெஸ்ட்டு

அடுத்த வாரம் தொகுதி எம்.எல்.ஏ. கூட்டத்துக்கு அறிவிப்பு. எங்க ஏரியாவுக்கே அவரு 'அண்ணன்'. ஆட்டோ பூரா அண்ணன் கொடி, முன்னாடி அண்ணன் படம். அக்கா கட வாசல்ல நிறுத்தி குழாய டெஸ்ட் பண்ணேன். அக்கா மொகம் தொங்கிக்கினு இருக்குது. சிரிக்க வைக்கலாம்னு அண்ணன் குரல எடுத்தேன். அண்ணன் பேசறதுக்கு முன்ன ரெண்டு செருமல் செருமுவாரு, அப்புறம் மூக்கால ஆரம்பிப்பாரு. "க்ஹும்... க்ஹும்... ஏம்ப்பா, ரெக்கார்டுல இருக்கற மூடி தெருவுல எங்கப்பா? யாருப்பா இந்த ஏரியா ஓவர்சியரு? நாளைக்குக் காலைல பிலோமி கடைக்கு இட்லி சாப்புட வரேன். பலக மேல வர மாட்டேன். மூடி மேலதான் வருவேன்!" அக்கா வயித்தப் புடிச்சுக்கினு சிரிச்சாங்க. வந்த வேல முடிஞ்சுதுன்னு நான் கெளம்பிட்டேன். அடுத்த முனைல ஓவர்சியரு டீ குடிச்சுக்கினு இருந்தது எனக்கு எப்புடிங்க தெரியும்? பாதி டீய அப்புடியே வச்சிட்டு ஓடுனாருன்னு டீக்கடக்காரரு அப்புறம்தான் சொன்னாரு.

மறுநாள் காலைல நான் வரேன், வாசல்ல புது மூடி எறங்குது. ஒடஞ்ச துண்டுங்களெல்லாம் எடுத்து ரோட்டோரம் போட்டிருக்காங்க. வாய்க்கா சலசலன்னு ஓடுது. அக்கா பலகையப் பொளந்து அடுப்புல சொருவிட்டாங்க. ஓவர்சியரு வேர்த்து வழிஞ்சுக்கினு கூட நிக்கறாரு. அண்ணன் படம் போட்ட என் ஆட்டோவப் பாத்ததும் சட்டக் காலர சரி பண்ணிக்கினு கிட்ட வந்தாரு: "தம்பி, அண்ணனுக்கு எத்தன இட்லி சொல்லட்டும்?"

ரெண்டு பேனரு

அண்ணன் வரல. அவருக்கு இது எதுவுமே தெரியாது. ஆனா மத்தியானத்துக்குள்ள அவரு ஆளுங்களுக்கு சேதி போயிடுச்சு. "சொன்னதைச் செய்தவர்"னு ஆள் ஒசரத்துக்கு ஒரு பேனரு, மூடிக்கு இந்தப் பக்கம். சாயந்தரம் வருங்கால கவுன்சிலரு "அயராத தொடர் முயற்சியால்"னு ஒண்ணு, அந்தப் பக்கம். நடுவுல ஒரு ஆளு ஒருக்களிச்சுத்தான் போவணும். மூடி வந்துச்சு, வாசல் போச்சு. ரெண்டு பேருமே அறிவிப்புக்கு என்னத்தான் கூப்புட்டாங்க. நானும் போனேன், கூச்சம் என்ன கூச்சம்? அண்ணன் ஆளுங்க "அண்ணன் குரல்லயே பேசு"ன்னாங்க. அதனால நான் போட வச்ச மூடிக்கு, அண்ணன் குரல்லயே, அண்ணனுக்கு நானே நன்றி சொன்னேன்.

மூணா நாளு மழ புடிச்சுது. அக்கா கட என்ன ஆச்சோன்னு ஓடுனேன். பேனரு ரெண்டையும் காணோம். அண்ணாந்து பாத்தா கட வாசலுக்கு மேல கூரையா நிக்குது. நாலு மூங்கில நட்டு, ரெண்டையும் சேத்து இழுத்துக் கட்டிட்டாங்க. மேல அண்ணனும் வருங்காலமும் கன்னத்தோட கன்னம் வச்சு சிரிக்கறாங்க. கீழ பெஞ்சு பூரா ஆளு. நடுவுல முசே, காலுல கட்டு, மடில தொப்பி, ஒரு சொட்டு நனையாம இட்லி சாப்புடறாரு. அடுப்பு பக்கம் தண்ணி எட்டிக் கூடப் பாக்கல. "யக்கா, கட்சிக்காரங்க வந்து கேட்டா என்ன பண்ணுவ?"ன்னேன். அக்கா இட்லித் தட்டக் கவுத்துக்கினே மேல பாத்தாங்க: "கேக்கட்டும்டா. ரெண்டு பேரும் சேந்து இந்தத் தெருவுக்கு ஒரு வேல செஞ்சு நான் இன்னைக்குதான் பாக்கறேன்."

இத்தன வருசத்துல எத்தனையோ தலைவருங்க சொன்னத நான் கத்தியிருக்கேன், அதுல சொன்னபடியே நடந்தது அவங்க யாருமே சொல்லாத, மைக் டெஸ்ட்டுல நானா வுட்ட அந்த ஒண்ணுதாங்க.