கடலில் இருந்தவன் குரலைத் திருப்பதிக்குத் தூக்கிப் போன கதை

ரேடியோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருப்பதி போக நினைக்கிறவர்கள் யாராவது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகாதீர்கள். நான் போய் வந்தேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

எனக்கு ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் வயர்லெஸ் கருவிகளைப் பழுது பார்க்கும் கடை. நகரி நெசவாளர் வீட்டுப் பிள்ளை முனுசாமி என்னை 'மேஸ்திரி' என்று கூப்பிட்டுக்கொண்டு சில வருஷம் என்னிடம் வேலை பார்த்தான். பிறகு ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் பாய்மர உல்லாசப் படகில் வயர்லெஸ் ஆளாகச் சேர்ந்தான். அந்தப் படகும் இன்னொரு படகும் கொழும்பிலிருந்து ஆப்பிரிக்கா பக்கம் புறப்பட்டன. காற்று ஆளுக்கொரு பக்கம் இழுத்து, நடுவில் நூற்றுக்கணக்கான மைல் கடல் விழுந்துவிடும். அதனால் தினம் மாலை, நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணிக்கு, எட்டு மெகாசைக்கிள் அலைவரிசையில் இரண்டு படகும் பேசிக்கொள்ளும். எங்கே இருக்கிறோம், காற்று எப்படி, எல்லோரும் சௌக்கியமா என்று துரை பேசுவார். கடைசி ஒரு நிமிஷம் மைக் முனுசாமி கைக்கு வரும். "கடையில இருந்தா கேளுங்கண்ணா. உங்களுக்கும் ரெண்டு வார்த்தை தமிழ்ல சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் கேட்டேன். கேட்க மட்டும்தான் முடியும். திருப்பிப் பேச என்னிடம் கருவியும் இல்லை, அனுமதியும் இல்லை.

கார்த்திகையில் மாலத்தீவுப் பக்கம் புயல் அடித்து ஏதோ ஒரு படகு மூழ்கியது. அந்தச் செய்தி நகரிக்குப் போனபோது முனுசாமியின் படகாக மாறிவிட்டது. புயலுக்குப் பிறகும் அவன் குரலை நான் கேட்டிருந்தேன். அதனால் 'முனுசாமி நலம், குரல் கேட்டேன்' என்று தந்தி கொடுத்தேன். அவன் அப்பா பொன்னுரங்கம் தந்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். "செத்தவங்க கொரலும்தான் காதுல கேக்கும்" என்றாராம். அன்றிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை. அடுத்த அமாவாசைக்குக் காரியம் செய்துவிடுவது என்று தெருவே முடிவு பண்ணிவிட்டது. மருமகள் கன்னியம்மா மட்டும் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று நிற்கிறாள். மூலக்கொத்தளத்துக்கு நூல் வாங்க வந்த அவர்கள் உறவுக்காரர் இதையெல்லாம் என் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

தந்திக்கு இப்படி ஓர் அர்த்தம் பண்ணினால் மனிதன் என்ன செய்வான்? அந்தக் குரலையே தூக்கிக்கொண்டு போய் அவர் காதில் போடுவது என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை காலை சென்ட்ரலில் ரயில் ஏறினேன். யுத்த காலத்து மிலிட்டரி ரிசீவர் ஒன்று, கரெண்ட் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கார் பேட்டரி, ஏரியலுக்குக் கம்பிச் சுருள், பேட்டரிக்கு ஊற்றக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு பாட்டில். நகரி அறுபது மைல் சொச்சம். பதினொரு மணிக்குப் போய்விடலாம் என்பது என் கணக்கு.

அரக்கோணம் தாண்டியதும் பெட்டிக்குள் எல்லைத் தகராறு ஆரம்பித்தது. ஆந்திர ராஜ்யம் பிரிந்ததிலிருந்து இந்த வண்டியில் வேறு பேச்சே கிடையாது போலிருக்கிறது. திருத்தணி சென்னைக்குத்தான் வரவேண்டும் என்றார் எதிரில் இருந்தவர். சித்தூர் ஜில்லாவில் ஒரு பிடி மண் கூடத் தரமாட்டோம் என்றார் ஜன்னலோரத்துக்காரர். இரண்டு பேரும் தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறித் திட்டிக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் இரண்டும் நன்றாக வந்தது. "நீங்க இன்னா சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டார்கள். பேட்டரியிலிருந்து உங்கள் வேட்டியில் ஆசிட் படாமல் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்றேன். திருத்தணியில் சிலர் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை எழுப்பி வண்டி கிளம்ப ஒன்றரை மணி நேரம்.

நகரியில் ஒரு ஒற்றை மாட்டு வண்டி பிடித்து நெசவாளர் தெருவுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் ஒருவர் தறியை நிறுத்தாமலேயே சொன்னார்:

"மாமனாரும் மருமகளும் காலையிலதான் திருப்பதி போனாங்க. அந்தப் பொண்ணு, பெருமாளைக் கேட்டுட்டு வந்து அப்புறம் காரியம் பண்ணலாம்னு ஒரே அழும்பு. ஸ்டேஷன் பக்கத்து சத்திரத்துல இருப்பாங்க. நீ வரேன்னு ஒரு கடுதாசி போட்டிருக்கக் கூடாதா?"

கடுதாசி. இவர்களுக்கு.

அடுத்த ரயில் சாயந்தரம்தான். பஸ்ஸில் முப்பது மைல் சொச்சம், புத்தூர் வழியாக. கண்டக்டர் பெட்டியைப் பார்த்து "ஏமி இதி?" என்றார். ரேடியோ என்றேன். ரேடியோ என்றால் ஏன் இத்தனை பெரிசு, இது சினிமா மெஷின், கூரைமேல்தான் போடவேண்டும் என்றார். மழை பெய்துகொண்டிருந்தது. கூரைமேல் போட்டால் அது மீன் தொட்டியாகிவிடும் என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் கெஞ்சி, இரண்டு ஆள் டிக்கெட் எடுத்து, பெட்டியை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். புத்தூர் போவதற்குள் இரண்டு கால்களும் மரத்துவிட்டன.

புத்தூரில் மதுவிலக்குப் போலீஸ்காரர் ஒருவர் பஸ்ஸில் ஏறினார். நேரே என் பாட்டிலிடம் வந்தார்.

"இன்னா இது?"

"பேட்டரித் தண்ணிங்க."

"பேட்டரி எதுக்குய்யா தண்ணி குடிக்குது?"

மூடியைத் திறந்து மோந்தார். வாசனை இல்லை. வாசனை இல்லாத சாராயம் புதுசாக வந்திருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். கடைசியில் அவர் கண் முன்னால் நானே அரைப் பாட்டில் குடித்துக் காட்டினேன். காய்ச்சி வடித்த தண்ணீருக்குச் சுவையே கிடையாது. அதைக் குடிப்பது ஒரு தண்டனை. "போ, போ" என்று விட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் நான் ஆடுகிறேனா என்று திருப்பதி வரை பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

திருப்பதியில் இறங்கும்போது மணி நாலேமுக்கால். மழை விட்டிருந்தது. கோவிந்தராஜர் கோபுரம் நனைந்து நின்றது. கும்பிடக் கை காலியாக இல்லை. மூன்றாவது சத்திரத்தில் அவர்களைக் கண்டுபிடித்தேன். பொன்னுரங்கம் அன்று காலை வந்ததுமே மொட்டை போட்டிருந்தார். தலையில் சந்தனம், கண் உள்ளே போயிருந்தது. தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னியம்மா இலையில் இரண்டு இட்லியை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும்.

"மாமா நாலு நாளா ஒண்ணும் துன்னல மேஸ்திரி" என்றாள், வந்தது யார் என்று நான் சொன்னதும். "நான் செத்தா ரெண்டு காரியமா சேத்துப் பண்ணுங்கன்றாரு."

"ஐயா, முனுசாமி உயிரோட இருக்கான். இன்னும் அரை மணியில பேசுவான்" என்றேன்.

கிழவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "இன்னாத்துக்கு மேஸ்திரி இவ்ளோ தூரம் செலவு பண்ணிக்கினு வந்தே?" என்று மட்டும் கேட்டார். அதில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சத்திரத்து மேனேஜருக்குக் கோபம் இருந்தது. மாடிக் கைப்பிடியிலிருந்து எதிர் வேப்ப மரத்துக்குக் கம்பி கட்டவேண்டும் என்றதும், "குதரது, குதரது" என்று கையை ஆட்டினார். "யாத்ரீகர் தங்கற எடம் இது, ரேடியோ ஸ்டேஷன் இல்ல. இடி விழுந்தா யாரு பதில் சொல்றது?" கன்னியம்மா எழுந்து போய்த் தெலுங்கில் ஏதோ சொன்னாள். நான் பாதிதான் புரிந்துகொண்டேன். மேனேஜர் தாமே ஏணி கொண்டுவந்தார்.

அதற்குள் சத்திரமே கூடிவிட்டது. "கொழும்பு ரேடியோப் பாட்டு போடுய்யா" என்றார் ஒருவர். பக்கத்து மாவு மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் பெட்டியில் 'கரகர'வென்ற சத்தம் தவிர ஒன்றும் இல்லை. மேனேஜர் ஓடிப்போய் அதை நிறுத்தச் செய்தார். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் போயிற்று.

ஐந்தரைக்குத் துரை வந்தார். ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பாலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல. அட்சரேகை, தீர்க்கரேகை, தென்மேற்கில் மேகம். பிறகு டின்னில் அடைத்த மாட்டிறைச்சி தீர்ந்துபோனது பற்றி ஒரு பிரசங்கம். பெருமாள் சந்நிதிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அடுத்த படகுக்காரர் உங்கள் அட்சரேகை தப்பு என்றார். துரை இல்லை என்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முடிவில் 'ஓவர்', 'ஓவர்' என்று மாற்றி மாற்றிச் சண்டை. காலையில் ரயிலில் கேட்ட எல்லைத் தகராறையே இப்போது நடுக்கடலில் இங்கிலீஷில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இது யாரு கொரலு?" என்றார் கிழவர்.

"முதலாளி."

"எம்புள்ள எங்கே?"

நான் பதில் சொல்ல வாயெடுக்கும்போது ஊரெங்கும் ஒரே நேரத்தில் விளக்கு போட்டார்கள், கரெண்ட் இறங்கிவிட்டது. சத்திரத்து பல்பு சிவந்து சுருங்கியது. பெட்டியில் குரல் தேய்ந்து தேய்ந்து நின்றுவிட்டது. நான் என்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. யாத்ரீகர்கள் சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒயரைப் பிடுங்கிப் பேட்டரிக்கு மாற்றினேன். மாற்றினாலும் வால்வு சூடாக வேண்டும். அதுவரை அது வெறும் இரும்புப் பெட்டிதான். கன்னியம்மா தாலியைப் பிடித்துக்கொண்டு அந்த மங்கலான டயல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"...மேஸ்திரி அண்ணா, நான் நல்லா கீறேன். கேக்குதா? காத்து ஓய்ஞ்சிருச்சு. நைனாக்கு ஒரு கடுதாசி போடுங்க. தறிக்குப் பக்கத்துல மழைத் தண்ணி ஒழுவுற எடத்துல ஓடு மாத்தச் சொல்லுங்க, போன வருசமே சொன்னேன், கேக்கமாட்டாரு..."

பொன்னுரங்கம் தூணைவிட்டு நிமிர்ந்தார். கையைப் பெட்டியின் மேல் வைத்தார். "இவன்தான்" என்றார். "இந்த ஓட்டுக்கோசரம் என் உயிர வாங்குறவன் இவன் ஒருத்தன்தான்."

முனுசாமி தொடர்ந்தான். எந்தத் துறைமுகத்துக்கு எப்போது போய்ச் சேருவோம், ஊருக்கு எப்போது திரும்புவோம் என்று அவன் சொல்ல ஆரம்பித்தது எனக்குக் கேட்டது. நான் காத்திருந்ததே அதற்குத்தான். அந்த நேரம் பார்த்து கன்னியம்மா ஒலிபெருக்கியின் மேல் குனிந்து வெடித்தாள்.

"ஏன்யா, ஒரு கடுதாசி போட உனக்குக் கை இல்லையா? மாமா இங்க சோறு துன்னாம கெடக்குறாரு. எங்கையால காரியம் பண்ணச் சொல்றாங்க. நான் எத்தனை பேர்கிட்ட சண்டை போடுறது?"

"அம்மா, சும்மா இரு! அவனுக்குக் கேட்காது. இது கேட்கிற பெட்டி மட்டும்தான்!" என்று கத்தினேன். என் கத்தலும் அவள் கத்தலும் சேர்ந்து முனுசாமியை மூழ்கடித்தன. இரண்டு பேரும் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அந்தப் பக்கம் இன்னொரு படகுக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு முனுசாமி, அவருக்குத்தான், ஆனால் தமிழ் வாய்க்கு வந்துவிட்ட பழக்கத்தில், "சரி... சரி சரி... ஓவர்" என்றான். அவ்வளவுதான். அதற்குமேல் கடலிரைச்சல் மட்டும்.

சத்திரம் முழுக்க ஒரே கூச்சல். "கேட்டுக்கினான் பாரு! பொண்டாட்டி போட்ட போடுல 'சரி'ன்ட்டான்!" மேனேஜர் கோவிந்தா போட்டார். நான் மூன்று தடவை விளக்கினேன்: அவன் சொன்ன 'சரி' வேறு ஆளுக்கு, நம் பேச்சு இந்தச் சுவரைக்கூடத் தாண்டவில்லை. ஒருவரும் காதில் வாங்கவில்லை. பெரியவர் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே என் முதுகைத் தட்டி, "நீ கம்முனு கெட மேஸ்திரி" என்றார்.

"எப்ப வரேன்னு சொன்னாரு?" என்று கன்னியம்மா கேட்டாள்.

"அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். நீதான் பேசினாய்."

"பரவால்ல. நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்" என்றாள்.

மறுநாள் காலை இருவரும் ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியை ஏற்றிவிட்டார்கள். வண்டி நகரும்போது அவள் ஜன்னலோடு கூடவே நடந்தாள். "அடுத்த துறைமுகத்துக்குக் கடுதாசி போடுங்க. ஆனா அது போய்ச் சேர நாளாவும். அதுக்குள்ள இன்னிக்கு அஞ்சரைக்கு மாமா துன்னுட்டாருன்னு சொல்லிடுங்க மேஸ்திரி, மறந்துடாதீங்க." நான்காம் தடவையாக விளக்க வாயெடுத்தேன். வண்டி வேகம் பிடித்துவிட்டது.

ராயபுரம் வந்ததும், பெட்டியில் கேட்ட நடுக்கடலைவிட இது எவ்வளவு சத்தமான இடம் என்று தோன்றியது. கடையைத் திறந்து பெட்டியைப் பெஞ்சில் வைத்தேன். ஐந்தரைக்குத் துரை வந்தார், இன்றும் அட்சரேகை. கடைசியில் முனுசாமி வந்தான், நல்லா கீறேன் என்றான், ஓவர் என்றான்.

நான் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினேன். தெருவில் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, குனிந்து, "உங்க நைனா சாப்ட்டாருப்பா" என்று பெட்டியிடம் சொன்னேன்.