வீட்டுக்குள் செருப்பு

துன்பத்தை மனிதர் எப்படித் தாங்குகிறார்கள் என்று ஆராய ஒழுங்கான முறைகள் உண்டு. வீட்டுக்கே போக வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது, பதிலை வாயில் ஊட்டக் கூடாது. போர்க்காலத்தில், நான் சிறுவனாயிருந்தபோது, எங்கள் சாவகச்சேரி வீட்டுக்கு வந்த உளவியல் ஆய்வாளர் இவற்றில் ஒன்றையும் மீறவில்லை. உத்தியோகக் காலம் முழுவதும் விசாரணை நடத்திக் களைத்தவன் என்ற முறையில் அவருக்கு நற்சான்று தருகிறேன்.

அவர் வருமுன் அம்மா அக்காவின் செருப்பைப் பனையோலைக் கடகத்தால் மூடி ஒளித்தார்.

எங்கள் வீட்டில் செருப்பு வாசலைத் தாண்டாது. அக்காவின் செருப்பு மட்டும் தாண்டும். ஹெலிகொப்டர் சுட்ட ஒரு நாள் அவளும் சிநேகிதியும் வெறுங்காலோடு ஓடினார்கள். முள்ளைப் பிடுங்கக் குனிந்த சிநேகிதி எழும்பவில்லை. அன்றிலிருந்து அக்கா சாப்பிடுவதும் படுப்பதும் செருப்போடுதான்.

"ஏலாத ஆக்களை வாறவர் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போவாராம். சொல்லுவமே அம்மா?" என்றேன்.

"வாயைப் பொத்து. கொக்காவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம். விசர் எண்டு கதை போனால் ஆர் வருவினம்?"

வந்தவர் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு மரியாதையாக உள்ளே வந்தார். அக்கா வெறுங்காலோடு தேநீர் கொண்டுவந்தாள். அவளது கால்விரல்கள் சீமெந்துத் தரையைப் பற்றிக்கொண்டிருந்தன.

"தங்கச்சி, பயமா இருக்கிறேல்லையோ?"

"பழகிப்போச்சு."

அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, அக்கா எப்பிடி?"

"ஐயா, தேத்தண்ணி ஆறுது," என்றார் அம்மா.

நான் கடகத்தைப் பார்த்தேன். வந்தவர் தேநீரைப் பார்த்தார்.

புறப்படும்போது படியில் உட்கார்ந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார். அக்கா கண் வெட்டாமல் பார்த்தாள்.

"ஐயா, நீங்கள் உந்த நாடாவைக் கட்டி முடிக்கேக்கை ஹெலி வந்து சுட்டிட்டுத் திரும்பிப் போயிடும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இவ்வளவு நடந்த பிறகும் பகிடி விடுகிற மனம் உறுதியான மனம், இந்தப் பிள்ளைக்கு டொக்டர் தேவையில்லை என்று அம்மாவிடம் சொன்னார். அக்கா பகிடி விடவில்லை என்று எனக்குத் தெரியும்.

"ஓம் ஐயா," என்றார் அம்மா.

கேற் சாத்தியதும் அக்கா கேட்டாள்: "என்ரை செருப்பு எங்கை?"

அம்மா கடகத்தைத் தூக்கி, செருப்பை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, நடுவீட்டில் அவள் காலடியில் குனிந்து வைத்தார். செருப்போடு படியேறியதற்காக முதல் நாள்தான் என் தொடையில் நுள்ளியவர். எனக்குக் கோபம் வந்தது.

எல்லாம் அம்மா நினைத்தபடியே முடிந்திருந்தது. அப்படியிருந்தும் குனிந்தவர் ஏன் நெடுநேரம் எழும்பவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.